உங்க படத்துல தண்ணி எத்தனை மணிக்கு நிக்குது?

படத்தில் எல்லாம் இருந்தது. மரநிழல், சைக்கிள் ஓட்டும் ஒரு குடும்பம், பலூன் பிடித்த ஒரு குழந்தை (பலூன் குழந்தை இல்லாத பூங்காப் படத்தை நான் இதுவரை பார்த்ததில்லை), நடைபாதையிலிருந்து அகலமாக இறங்கும் கல்படிகள், கடைசிப் படியை லேசாக நனைத்தபடி நீலத் தண்ணீர். துறைமுகத்தை ஒட்டிக் கிடந்த காலி நிலத்தைப் பொதுப் பூங்காவாக மாற்றும் திட்டத்தை மக்களிடம் விளக்கும் கூட்டம் அது. வடிவமைத்த இளைஞர் நன்றாகத்தான் பேசினார். கேள்வி நேரம் வந்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். துறைமுக வேலையில் இருந்து ஓய்வுபெற்றவர் என்று அப்புறம் தெரிந்தது. "படம் நல்லா இருக்கு தம்பி. ஆனா உங்க படத்துல தண்ணி எத்தனை மணிக்கு நிக்குது?" என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள். இளைஞருக்குப் புரியவில்லை, "சார்?" என்றார். பெரியவர் திரைக்கே நடந்து போய், கடைசிப் படிக்கு வெகு கீழே விரலால் ஒரு கோடு இழுத்தார். "ஆறு மணி நேரம் கழிச்சு தண்ணி இங்க இருக்கும். அப்போ இந்தப் புள்ள எதுல கால நனைக்கும்?"

அதற்குப் பிறகு கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்று எனக்குச் சரியாக நினைவில்லை. கேள்வி மட்டும் ஒட்டிக்கொண்டது. எந்த ஊர்க் கரையோரப் பூங்காவின் படத்தைப் பார்த்தாலும் முதலில் தண்ணீர்க் கோட்டைத்தான் தேடுகிறேன். அனேகமாக எல்லாப் படங்களிலும் அது ஒரே இடத்தில், உச்சத்துக்குக் கொஞ்சம் கீழே, அலையில்லாமல் நிற்கிறது. சேறு இல்லை, பாசி இல்லை, இறங்கிய தண்ணீர் விட்டுப்போன பிளாஸ்டிக் குப்பை இல்லை. கடல் அப்படி நிற்காது என்பது கரையில் இருப்பவர் எல்லோருக்கும் தெரியும். பெரும்பாலான துறைமுகங்களில் ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் நடுவே சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் நாளுக்கு நாள் நேரம் ஐம்பது நிமிடம் போல தள்ளிப் போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் இறக்கமும் பெரிதாகும், அஷ்டமியை ஒட்டிச் சுருங்கும். சிட்னியில் இந்த வித்தியாசம் அதிகபட்சம் 2 மீட்டர் அளவுக்குப் போகும், பாஸ்டனில் சராசரியே சுமார் 3 மீட்டர், சியாட்டிலில் ஒரு நாளின் மிக உயர்ந்த ஏற்றத்துக்கும் மிகத் தாழ்ந்த இறக்கத்துக்கும் நடுவே சராசரி சுமார் மூன்றரை மீட்டர். அதாவது அந்த ஊர்களில் கரை என்பது ஒரு கோடே இல்லை, ஒன்றரை ஆள் உயரத்துக்கு மேலும் கீழும் நகரும் ஒரு பட்டை. பூங்காவில் மரத்தை எங்கே வைப்பது, கழிப்பறையை எங்கே வைப்பது என்பதெல்லாம் எந்தப் பூங்காவுக்கும் உள்ள கேள்விதான். இந்தப் பட்டையை என்ன செய்வது என்பதுதான் ஓதம் (கடல் மட்டத்தின் இந்தத் தினசரி ஏற்ற இறக்கம்) ஏறி இறங்கும் துறைமுகத்துக்கே உரிய கேள்வி, அதைத்தான் படம் ஒளித்துவிடுகிறது.

படி இறங்கிப் போனால்

படிகள் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீருக்குள் இறங்கும் படி என்றால் யாருக்குத்தான் பிடிக்காது. ஆனால் தினம் இரண்டு முறை நனைந்து இரண்டு முறை காயும் கல்லில் உயிர் குடியேறும், தடுக்கவே முடியாது. மேலே உப்புக் கறை, அதற்குக் கீழே வழுக்கும் கரும்படலம், அப்புறம் கொட்டலசு (கல்லில் ஒட்டி வளரும் ஓட்டுயிர்), சிப்பி, இன்னும் கீழே பச்சைப் பாசி. மழமழவென்று இழைத்த கருங்கல் படியாக இருந்தால் சில மாதங்களில் அங்கே நிற்க முடியாது. யாராவது வழுக்கி விழுவார்கள், நிர்வாகம் ஒரு சங்கிலி கட்டும், ஒரு எச்சரிக்கைப் பலகை வைக்கும். அத்தோடு அந்தப் படிகளின் ஆயுள் முடிந்தது, புகைப்படத்துக்கு மட்டும் மிச்சம்.

கண்ணுக்குத் தெரியாத தொல்லைகள் இன்னும் இருக்கின்றன. துறைமுகச் சுவருக்குப் பின்னால் கொட்டி நிரப்பிய மண்ணுக்குள்ளும் தண்ணீர் ஏறி இறங்கும், ஆனால் தாமதமாக. வெளியே கடல் வேகமாக இறங்கும்போது உள்ளே தேங்கிய தண்ணீர் சுவரை வெளிப்பக்கம் தள்ளும். அதற்காகச் சுவரில் வடிதுளை விடுவார்கள். வடிகட்டித் துணி சரியாக இல்லை என்றால் அதே துளை வழியாக மண்ணும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறி, ஒரு நாள் நடைபாதைக் கல் திடீரென்று உள்வாங்கும். மழைநீர்க் குழாயின் வாயில் ஒருவழி மூடி இல்லாவிட்டால் கடல் குழாய் வழியாகவே பூங்காவுக்குள் வந்துவிடும். மூடி இருந்தாலும், ஏற்றத்தின் உச்சத்தில் பெருமழை பெய்தால் மழைத் தண்ணீருக்குப் போக இடமில்லை. இரும்பு வேகமாகத் துருப்பிடிப்பது தண்ணீருக்குள் அல்ல, ஏற்ற மட்டத்துக்குச் சற்று மேலே, அலை தெறிக்கும் இடத்தில். உப்பு, ஈரம், காற்று மூன்றும் அங்கேதான் ஒன்றாகக் கிடைக்கின்றன. அழகான நடைபாதையின் கம்பி விளக்குகளும் கைப்பிடிகளும் நிற்பது பெரும்பாலும் அதே உயரத்தில்தான்.

சிட்னியில் நடந்த சண்டை

இந்தப் பட்டையைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் நான் போய் முட்டிக்கொள்ளும் இடம் சிட்னியின் பரங்காரு. கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு காலத்தில் அங்கே மணற்பாறைக் குன்றின் முனை துறைமுகத்துக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. கப்பல்துறைகளுக்காக அதை வெட்டினார்கள், கடைசியில் கன்டெய்னர்களை அடுக்குவதற்காக எல்லாவற்றையும் மூடி ஒரு பெரிய கான்கிரீட் தளமாக்கினார்கள். கப்பல் வேலை தேடி ஆட்கள் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கிய பக்கத்துத் தெருவைத் தொழிலாளர்கள் 'பசி மைல்' என்று அழைத்தார்கள். 2006-இல் நடந்த வடிவமைப்புப் போட்டியில் ஹில் தாலிஸ் நிறுவனமும் அவர்களோடு பால் பெர்க்மயர், ஜேன் இர்வின் ஆகியோரும் வென்றார்கள். அவர்களுடைய திட்டம் அந்தக் கப்பல்துறையின் நேர்கோட்டு விளிம்பைப் பெருமளவு அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே பூங்கா அமைப்பது. நேர்கோடு இந்த இடத்தின் உழைப்பு வரலாறு, அதை எதற்கு அழிக்க வேண்டும் என்ற வாதம்.

ஆஸ்திரேலியாவின் முன்னாள் பிரதமர் பால் கீட்டிங்குக்கு இது பிடிக்கவில்லை. வெட்டி எடுத்த முனையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று விடாமல் நின்றார், கடைசியில் அவர் நினைத்ததுதான் நடந்தது. பூங்கா வடிவமைப்பாளர் பீட்டர் வாக்கரின் நிறுவனம் ஜான்சன் பில்டன் வாக்கர் என்ற கட்டடக்கலை நிறுவனத்தோடு சேர்ந்து வடிவமைத்து, 2015 ஆகஸ்டில் சுமார் 6 ஹெக்டேர் பூங்கா திறந்தது. கரையின் வளைவுக்கு 1836-ஆம் ஆண்டுக் கரையோரத்தை ஆதாரமாக எடுத்துக்கொண்டார்கள். அதே இடத்தில் தோண்டி எடுத்த சுமார் 10,000 மணற்பாறைக் கற்களை விளிம்பில் அடுக்கினார்கள், 75,000-க்கு மேல் செடி மரங்கள் நட்டார்கள், கிட்டத்தட்ட எல்லாமே சிட்னி வட்டாரத்துத் தாவரங்கள்.

சரி, இதில் எரிச்சல் எங்கே என்றால், அந்தக் குன்று உள்ளே வெற்று. அடியில் ஒரு பிரம்மாண்டமான கூடமும் 300 கார்கள் நிற்கும் நிறுத்துமிடமும் இருக்கின்றன. இயற்கையான முனை மாதிரி தெரிவது உண்மையில் ஒரு கட்டடத்தின் கூரை. உழைப்பின் நேர்கோட்டை அழித்துவிட்டு, பசி மைலை மறந்துவிட்டு, 1836-ஐ நாடகம் போட்டுக் காட்டுகிறார்கள் என்று ஹில் தாலிஸ் பக்கம் நின்றவர்கள் கோபப்பட்டதில் எனக்கு நியாயம் தெரிகிறது. தெற்கே உயர்ந்த கோபுரங்களுக்கும் சூதாட்ட விடுதிக்கும் இந்தப் பச்சை ஒரு நல்ல முகமூடி என்று சொல்பவர்களோடும் சண்டை போட எனக்கு மனமில்லை.

ஆனால் அந்த விளிம்பை நினைத்தால் வாதம் தளர்கிறது. கற்கள் ஒரே மட்டத்தில் இல்லை. வெவ்வேறு உயரத்தில், முன்னும் பின்னுமாக, கொஞ்சம் சாய்வாக அடுக்கப்பட்டிருக்கின்றன. தண்ணீர் எந்த மட்டத்தில் இருந்தாலும் ஏதோ ஒரு வரிசைக் கல் தண்ணீரோரத்தில் இருக்கும். ஏற்றத்தில் மேல்வரிசையில் உட்காரலாம், இறக்கத்தில் நடுவரிசைக் குழிகளில் தேங்கிய தண்ணீரை எட்டிப் பார்க்கலாம். இறக்கத்தில் கெட்டுப்போகாத கரை. வெட்டுமுகம் சொரசொரப்பாக இருப்பதால் சிப்பிக்கும் ஒண்ட இடம் கிடைக்கிறது. அந்தப் பெரியவர் கேட்ட கேள்விக்கு இந்தக் கரையில் "எத்தனை மணிக்கு வேண்டுமானாலும்" என்று பதில் சொல்லலாம். அதே நேரத்தில் அது பொய்யான குன்றின் காலடி. பல நாள் இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு எந்தப் பக்கமும் சாய முடியாமல் இருந்தேன். நேர்கோடு நேர்மையானது ஆனால் முரட்டுத்தனமானது, வளைவு போலியானது ஆனால் இணக்கமானது என்று இரண்டு வாக்கியங்களில் முடித்துவிடலாம் போலத் தோன்றியது. சியாட்டிலைப் பற்றிப் படிக்கும்வரை.

நேராக நின்றே வழிவிடும் சுவர்

சியாட்டிலின் எலியட் விரிகுடாச் சுவர் 1916 முதல் 1934 வரை கட்டப்பட்டது, கீழே மரத்தூண்களும் மண்ணும். அது உளுத்துப் போனதால் 2013 முதல் 2017 வரை நகரின் மையப் பகுதியில் புதிதாகக் கட்டினார்கள். குன்று கிடையாது, வளைவு கிடையாது, பழைய கரை வரைபடம் எதையும் தேடிப் போகவும் இல்லை. நகரம் விளிம்புவரை நெருக்கிக்கொண்டிருக்கிறது, அதனால் செங்குத்துச் சுவர்தான், வேறு வழியில்லை. ஆனால் அந்தக் கரையை ஒட்டித்தான் சால்மன் குஞ்சுகள் ஆற்றிலிருந்து கடலுக்குப் போகின்றன. ஆழமற்ற, வெளிச்சமுள்ள தண்ணீரை ஒட்டியே நீந்தும் குஞ்சுகள் அவை. கப்பல்துறைகளின் கீழே விழும் கும்மிருட்டுக்குள் நுழையத் தயங்கும், சுற்றிக்கொண்டு ஆழத்துக்குப் போனால் பெரிய மீன்களுக்கு இரையாகும்.

அதற்கு என்ன செய்தார்கள் தெரியுமா? சுவரின் முகத்தைச் சமதளமாக விடாமல் திட்டும் பள்ளமுமாக வார்த்தார்கள், பாசியும் சிற்றுயிர்களும் பிடித்துக்கொள்ள. அடியில் கல் நிரப்பிய மெத்தைகளைப் போட்டுக் கடல்தரையை உயர்த்தி, குஞ்சுகளுக்கு ஆழமற்ற ஒரு வழி உண்டாக்கினார்கள். சுவருக்கு வெளியே தண்ணீரின் மேல் நீட்டி நிற்கும் நடைபாதையில் கண்ணாடிக் கட்டிகளைப் பதித்தார்கள், வெளிச்சம் கீழே இறங்குவதற்காக. மேலே ஐஸ்கிரீம் சாப்பிட்டபடி நடக்கிறவர்களின் செருப்புக்கு அடியில் மீனுக்கு ஜன்னல்.

எனக்கு மனம் மாறிய இடம் இதுதான். நேர்கோடா வளைவா, உண்மையா போலியா என்று நான் மாற்றி மாற்றி எடைபோட்டுக்கொண்டிருந்தது எல்லாமே மேலிருந்து பார்க்கும் வரைபடத்தின் சண்டை. விமானத்தில் போகிறவனுக்கும் நடுவர் குழுவுக்கும்தான் கரையின் வளைவு தெரியும். கரையில் நிற்பவனுக்கும் அடியில் நீந்தும் மீனுக்கும் தெரிவது குறுக்குவெட்டு, அதாவது கரையைப் பக்கவாட்டில் வெட்டினால் தெரியும் உருவம், மட்டும்தான். குறுக்குவெட்டில் அந்த 2, 3 மீட்டர் பட்டைக்கு இடம் கொடுத்தார்களா என்று பார்த்தால் சியாட்டிலின் செங்குத்துச் சுவரும் பரங்காருவின் கல்லடுக்கும் ஒரே பக்கத்தில் நிற்கின்றன. அப்படிப் பார்த்தால் ஹில் தாலிஸின் நேர்கோட்டையும் வைத்துக்கொண்டு, அதே கல்லை அதே மாதிரி உடைத்து உடைத்து அடுக்கியிருக்கலாமே என்று இப்போது தோன்றுகிறது. சிட்னியிலேயே பழைய துறைமுகச் சுவர்களில் குழியும் மடிப்புமாக வார்த்த பலகைகளைப் பொருத்தி உயிரினங்களைக் குடியேற்றும் வேலை 2018 முதல் நடக்கிறது, சுவரை இடிக்காமலே. தொழிலாளர் வரலாறும் சிப்பியும் ஒரே சுவரில் இருந்திருக்க முடியும். யாரும் அப்படிச் சேர்த்துக் கேட்கவில்லை என்பதுதான் வருத்தம்.

மேல்கோட்டுக்கும் மேலே

இறக்கத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன், ஏற்றத்துக்கு மேலும் ஒரு ஏற்றம் உண்டு. ஜெர்மனியின் ஹாம்பர்க் கடலிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் உள்ளே எல்பே ஆற்றில் இருந்தாலும் மூன்றரை மீட்டருக்கு மேல் ஓதம் ஏறி இறங்கும் ஊர். 1962 பிப்ரவரிப் புயல் வெள்ளத்தில் அங்கே 300-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அப்படிப்பட்ட ஊர் பழைய துறைமுகத்தில் ஹாஃபென்சிட்டி என்ற புதுப் பகுதியைக் கட்டும்போது அதைச் சுற்றி அணை எழுப்பவில்லை. கட்டடங்களையும் தெருக்களையும் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 8 மீட்டர் உயரத்துக்குத் தூக்கினார்கள், தண்ணீரோர நடைபாதையைப் பழைய தாழ்ந்த மட்டத்திலேயே விட்டார்கள். புயல் வெள்ளம் வரும் நாளில் நடைபாதை மூழ்கும். கீழ்த்தளங்களின் வெள்ளக் கதவுகளை அடைத்துவிட்டு மக்கள் மேல் தெருவில் நடப்பார்கள். வருடத்தில் சில நாட்கள் மூழ்குவதற்கு ஒப்புக்கொண்டதால் மீதி நாட்கள் தண்ணீருக்குப் பக்கத்தில் நடக்கலாம். இதை ஒரு நிர்வாகம் கையெழுத்துப் போட்டு ஏற்றுக்கொண்டது என்பதுதான் எனக்கு ஆச்சரியம். பொதுவாக "மூழ்கவே கூடாது" என்று ஒரு வரி ஒப்பந்தத்தில் ஏறிவிடும், அந்த வரிக்காகச் சுவர் உயரும், சுவர் உயர்ந்ததும் கடல் மறைந்துவிடும்.

நியூயார்க்கின் புரூக்ளின் பாலப் பூங்கா வேறு மாதிரி. மைக்கேல் வான் வால்கன்பர்க் குழு வடிவமைத்த 85 ஏக்கர், 2010-இல் திறக்கத் தொடங்கியது. சில இடங்களில் பழைய சுவரை எடுத்துவிட்டுக் கற்சரிவு போட்டார்கள், மண்ணை உயர்த்தினார்கள், ஓரிடத்தில் உப்புச் சதுப்பு நிலம் கூட உண்டு. 2012 அக்டோபரில் சாண்டி புயல் வந்தபோது நியூயார்க் துறைமுகத்தில் தண்ணீர் வழக்கமான தாழ் மட்டத்திலிருந்து சுமார் 14 அடி ஏறியது. கற்சரிவு அலையின் வேகத்தை வாங்கிக்கொண்டது, உப்பைத் தாங்கும் மரங்களாகப் பார்த்து நட்டிருந்ததால் பூங்கா பெரிதாகப் பாதிக்கப்படவில்லை.

அங்கே வேறொரு வேடிக்கை. பழைய கப்பல்துறைகள் ஆயிரக்கணக்கான மரத்தூண்கள்மேல் நிற்கின்றன. துறைமுகம் நாறிக்கொண்டிருந்த காலத்தில் அந்தத் தூண்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. 1972-இன் தூய நீர்ச் சட்டத்துக்குப் பிறகு தண்ணீர் மெல்லச் சுத்தமானது, மரத்தைத் துளைக்கும் கப்பல் புழுக்களும் திரும்பி வந்தன, தூண்களைத் தின்னத் தொடங்கின. தண்ணீர் நன்றாக ஆனதற்கான செலவைப் பூங்கா கட்டிக்கொண்டிருக்கிறது. தூண்களைக் கவசம் போட்டுக் காப்பாற்றும் பராமரிப்புச் செலவுக்காகத்தான் பூங்கா நிலத்திலேயே அடுக்குமாடி வீடுகள் கட்டி அந்த வருமானத்தில் நடத்துகிறார்கள். பொது நிலத்தில் பணக்காரர் வீடா என்று அங்கே பெரிய சண்டை நடந்தது, எனக்கும் அது உறுத்துகிறது. ஆனால் கரையோரத்தில் பூங்கா கட்டுவதைவிடப் பூங்காவுக்கு அடியில் இருப்பதைக் காப்பாற்றத்தான் பணம் போகிறது என்பதை அவர்கள் முதலிலேயே கணக்குப் போட்டுச் சொன்னார்கள். ரிப்பன் வெட்டிய பிறகு சொல்லவில்லை.

கைப்பிடிக் கம்பியைப் பற்றிக் கொஞ்சம் புலம்பிவிடுகிறேன். விதிப்படி கம்பி ஒரு மீட்டர் பத்து சென்டிமீட்டர் மாதிரி உயரத்தில் வரும், பெஞ்சில் உட்கார்ந்தவரின் கண்ணும் கிட்டத்தட்ட அங்கேதான் இருக்கும். எனவே கடலைப் பார்க்கப் போட்ட பெஞ்சிலிருந்து தெரிவது கம்பி. இதற்குத் தீர்வு சுலபம்: பெஞ்சை இரண்டு படி உயர்த்துங்கள், அல்லது விளிம்பில் ஒரே செங்குத்துப் பள்ளத்துக்குப் பதில் அடுக்கடுக்காக இறக்குங்கள், ஒவ்வொரு அடுக்கும் சின்ன உயரமாக இருந்தால் பல இடங்களில் கம்பியே தேவைப்படாது. மறுபடியும் குறுக்குவெட்டுதான்.

பட்டை யாருடையது

கடைசியாக, சட்டம். வடிவமைப்பாளர்கள் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை, ஆனால் நடைபாதை இருக்குமா இருக்காதா என்பதையே இதுதான் முடிவு செய்கிறது. பல நாடுகளில் ஏற்றக் கோட்டுக்கும் இறக்கக் கோட்டுக்கும் நடுவே உள்ள நிலம் பொதுச் சொத்து. பாஸ்டன் இருக்கும் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அப்படி இல்லை. கப்பல்துறைகளைக் கட்டுவதற்கு ஊக்கமாக 1640-களிலேயே அங்கே ஒரு காலனிச் சட்டம் போட்டார்கள்: கரையோர நிலம் வைத்திருப்பவருக்கு இறக்கக் கோடு வரை சொந்தம், அதிகபட்சம் சுமார் 500 மீட்டர். பொதுமக்களுக்கு விட்டுவைத்தது மூன்றே மூன்று: மீன்பிடிக்க, பறவை வேட்டையாட, படகு செலுத்த. இன்றும் தனியாருக்குச் சொந்தமான கடற்கரையில், தண்ணீர் வற்றிய ஈர மணலில் சும்மா உலாவினால் அத்துமீறல். கையில் தூண்டில் இருந்தால் அத்துமீறல் இல்லை. உலாவப் போகிறவர்கள் ஒரு தூண்டிலை எடுத்துப் போகும் கேலி அங்கே ரொம்பப் பழசு.

ஆனால் அதே பட்டையை மண் கொட்டி நிரப்பிவிட்டால் கதை மாறுகிறது. நிரப்பிய கடல்நிலத்தின்மேல் பொது உரிமை ஒட்டிக்கொண்டே இருக்கிறது என்பது 1866-இலிருந்து வரும் மாநிலச் சட்டத்தின் அடிப்படை. அங்கே கட்டடம் கட்ட உரிமம் கேட்டால் பொதுமக்கள் நடக்க வழி விட வேண்டும். பாஸ்டன் துறைமுகத்தைச் சுற்றி இன்று சுமார் 70 கிலோமீட்டர் நீளும் நடைபாதையின் பெரும்பகுதி அப்படித் துண்டு துண்டாக, ஒவ்வொரு உரிமத்தின் நிபந்தனையாகச் சேர்ந்ததுதான். சொகுசு விடுதியின் வாசலைக் கடந்து, அலுவலகக் கண்ணாடிக் கட்டடத்தின் பின்பக்கமாக, யாரையும் அனுமதி கேட்காமல் நடக்கலாம். பரங்காருவின் போலிக் குன்றைப் பற்றி நான் எவ்வளவோ முணுமுணுத்தேன். பாஸ்டனில் பார்த்தால், இயற்கை கொடுத்த மணலில் நடக்கத் தூண்டில் வேண்டியிருக்கிறது, லாரியில் கொண்டுவந்து கொட்டிய மண்ணில் வெறுங்கையோடு நடக்கலாம்.